தவிட்டுக்கு வாங்கிய இதயம்

ஆடி இரண்டாம் வெள்ளிக்கிழமை, கூழ் ஊற்றி முடித்து, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பெண்கள் வீடு திரும்பிய நேரத்தில், நெடுங்கரை கரைகாத்த அம்மன் கோயில் உண்டியல் துடிக்கத் தொடங்கியது. அன்றைக்கு என்னைப் பிடித்த சனி ஆவணி கடைசி வரை விடவில்லை. நான் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். அங்கப்பன் சவுண்டு சர்வீஸ் என்றால் சுற்றுப்பட்டில் தெரியாத ஆள் கிடையாது, காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ கருமாதியோ என் ஒலிபெருக்கிக் குழாய் கட்டாமல் எதுவும் நடக்காது, அதிலும் ஆடி மாதம்தான் எனக்கு அறுவடை. அப்படிப்பட்ட ஆடியில் ஊரே திரண்டு வந்து, "அங்கப்பா, சத்தத்தைக் குறைய்யா, புள்ள நெஞ்சு கேக்க மாட்டேங்குது" என்றால் வயிறு எரியுமா எரியாதா? நீங்களே சொல்லுங்கள்.

புள்ளை என்று அவர்கள் சொன்னது செவ்வந்தியை. என் கடைக்கு எதிர்ச்சாரியில் ஜாக்கெட் தைக்கிற தனபாக்கியத்தின் ஒரே மகள். புருஷன் போன பிறகு அந்தத் தையல் மெஷினும் அந்த மகளும்தான் தனபாக்கியத்துக்கு மிச்சம். பிறக்கும்போதே பெண்ணுக்கு உதடும் நகமும் நாவல்பழ நிறம், அழுதால் இன்னும் கறுக்கும். தங்காது என்று பயப்படுகிற பிள்ளையை அம்மனுக்கே கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டைச் சன்னதியில் வைத்துத் திரும்ப வாங்கிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். தவிட்டு விலைக்கு வந்த பிள்ளை மேல் எமனுக்கும் ஆசை வராது என்று ஒரு கணக்கு. அப்படி வாங்கியதால் ஊரில் அவளுக்குத் தவிடு என்றே பெயர். சின்ன வயதில் ஒரு ஆப்பரேஷன் செய்து காலத்தைத் தள்ளினார்கள், இப்போது பத்தொன்பது வயதாகிவிட்டது, இனித் தள்ள முடியாது என்று பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அங்கே இதயம் பார்க்கிறவர் டாக்டர் மெஹருன்னிசா. வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுகிற அம்மாள். "உங்க பொண்ணுக்கு ரெண்டு அறைக்கு நடுவுல ஓட்டை இருக்கு. பெரிய ரத்தக்குழாய் பொறப்புலயே தப்பான அறையில முளைச்சிருக்கு. ஓட்டையிலேருந்து குழாய் வரைக்கும் உள்ளேயே ஒட்டுத்துணி வச்சுத் தைச்சு ஒரு வழி போடணும். புத்தகத்துல போட்டிருக்கிற இதயம் யாருக்கோ, இவளோடது இவளுக்கு மட்டும். அதனால இவளோடதையே ஒண்ணு செஞ்சு பாத்துட்டுத்தான் கை வைப்பேன்" என்று சொல்லி, ஸ்கேன் படங்களை ஒரு மெஷினுக்குள் கொடுத்தார். அது ராவும் பகலும் இடியாப்பம் பிழிகிற மாதிரி அடுக்கு மேல் அடுக்காகச் சுற்றி, ரப்பர் போல மெத்தென்று சிவப்பாக, கைப்பிடி அளவில், செவ்வந்தியின் இதயத்தை ஓட்டையோடும் கோணலோடும் அப்படியே பிழிந்து வைத்தது.

பிழிந்து, கழுவி, துடைத்துத் தட்டில் வைத்ததும் அது துடித்தது.

டாக்டர் அதன் மேல் இரண்டு விரலை வைத்தார், மறு கையால் செவ்வந்தியின் மணிக்கட்டைப் பிடித்தார், இரண்டும் ஒன்றாகத்தான் ஓடின. "நல்லதாப் போச்சு, அசையுறதையும் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். வீட்டுக்காரர்கள் கையில் மாதிரியைக் கொடுத்து நாலு நாள் வைத்துப் பார்க்கச் சொல்வது அவருடைய வழக்கம், பழகினால் பயம் தெளியும் என்பார். "அடுத்த வாரம் எடுத்துட்டு வாங்க. முதல்ல இதை வெட்டிப் பாக்கணும்."

தனபாக்கியத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வெட்டறதா?"

"நீங்க தையல்காரங்கதானே? பட்டுத்துணியில எடுத்த எடுப்புல கத்திரி வைப்பீங்களா? பேப்பர்ல வெட்டிப் பாக்க மாட்டீங்க?"

"பேப்பர் துடிக்காதே, டாக்டரம்மா" என்றாள் தனபாக்கியம்.

பழைய வேட்டித் துணியைச் சுற்றி, தூக்குவாளிக்குள் வைத்து, மூடியைக் காற்றுக்குக் கொஞ்சம் திறந்துவிட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். வீட்டில் அது தையல் மெஷின் பலகை மேல் இருந்தது. செவ்வந்தி சிரித்தால் துள்ளியது, தூங்கினால் அடங்கியது, இருமினால் அதுவும் குலுங்கியது. தனபாக்கியம் ஊசி கோப்பதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டினால் இது நிற்குமா? இது நின்றால் அவளுடையதும் நிற்குமா? அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பெற்றவள் நினைப்பதில் தப்பு என்ன இருக்கிறது?

ஆனால் செய்த காரியம் இருக்கிறதே! எங்கள் அம்மனுக்கு உருவாரம் போடுவது பழைய நேர்ச்சை. கண் நோவு வந்தவர்கள் கண் வாங்கிப் போடுவார்கள், கால் நோவுக்குக் கால், பிள்ளை இல்லாதவர்களுக்குத் தொட்டில், எல்லாம் வெள்ளியிலோ தகரத்திலோ கடையில் கிடைக்கும். உருவாரம் போகட்டும் என்றுதான் உண்டியல் வாயையே அகலமாக வைத்திருக்கிறார்கள். ஆடி இரண்டாம் வெள்ளியில் தனபாக்கியம் கூழ் வாங்க வந்தவள் மாதிரி தூக்குவாளியோடு வந்தாள். கும்பல் கலைகிற வரை தூண் ஓரமாக நின்றாள். துணியைப் பிரித்து, மகளின் இதயத்தை உண்டியல் வாயில் வைத்தாள். அது கொஞ்சம் பெரிது, நுழையவில்லை. அது சுருங்குகிற நேரம் பார்த்து, ஒரு அமுக்கு. உள்ளே போய்விட்டது.

"ஆத்தா, அச்சு அசலா அவளோடதையே குடுத்துட்டேன். தகரம் குடுத்தவங்களுக்கே கண்ணைத் திருப்பிக் குடுத்தவ நீ. இனி எந்த டாக்டரும் உன் கையிலேருந்து வாங்கி வெட்ட முடியாது" என்று அவள் கும்பிட்டதைப் பூசாரி வீரபத்திரன் காதால் கேட்டாராம். எதையோ வேண்டிக்கொள்கிறாள் என்று விட்டுவிட்டாராம். சாயங்காலம் உண்டியலுக்குள் டப் டப் என்றதும் முதலில் எலி என்று நினைத்துத் துடைப்பத்தை எடுத்திருக்கிறார். அப்புறம்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. விளக்கை ஏற்றிவிட்டு வந்து ஊரில் சொன்னார், ஊர் வந்து வரிசையில் நின்று காதை வைத்துக் கேட்டது, ஆமாம், தவிட்டோட நெஞ்சுதான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனது.

உண்டியலில் விழுந்தது அம்மனுக்குச் சொந்தம். தெரியாமல் விழுந்த மோதிரத்தையே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள், தெரிந்து போட்டதைக் கொடுப்பார்களா? அதனால் அதை எடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதோடு எப்படி வாழ்வது என்றுதான் பார்த்தார்கள். முதல் இரண்டு நாள் உண்டியலில் காது வைக்கிற வரிசை தேர் நிற்கிற தேர்முட்டி வரை நீண்டது, உண்டியல் சூடாகிவிடும் என்று வீரபத்திரன் சத்தம் போட்டார். மூன்றாம் நாள் ஊர்ப் பெரியவர்கள் என் கடைக்கு வந்தார்கள். "பொம்பளைங்க வேலை கெடுது, அங்கப்பா. உண்டியல்கிட்ட ஒரு மைக்கை வச்சு, கோபுரத்துல ஒரு குழாயைக் கட்டி விட்டுரு. அவங்கவங்க வீட்டுலேருந்தே கேட்டுக்கட்டும்." சொன்னார்கள், கட்டினேன். என் வேலை அது.

அதற்குப் பிறகு நெடுங்கரை செவ்வந்தியின் நெஞ்சுக்கு ஏற்ப நடந்தது. டப் டப் என்று கோபுரத்துக் குழாய் சொல்ல, அதே கணக்கில் பெண்கள் அரிசி புடைத்தார்கள், அதே கணக்கில் களி கிண்டினார்கள், தொட்டிலை ஆட்டினார்கள்; பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு அதற்குத் தாளம் போட்டது; முடி திருத்துகிற கடையில் கத்திரி அதோடு சேர்ந்து கத்தரித்தது; சலவைக்காரர் கல்லில் அடித்த துணி அதோடு அடித்து அதோடு நின்றது. யாராவது தெருவில் குரலை உயர்த்தினால் அவள் வீட்டுக்குள் திடுக்கிடுவாள், குழாய் உடனே படபடவென்று காட்டிக்கொடுக்கும், நாலு பேர் வந்து "அடப்பாவி, புள்ள பயப்படுது" என்று கையைப் பிடிப்பார்கள். அதனால் குடித்துவிட்டு வந்தவனும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிசுகிசுவென்று திட்டினான். ஓரகத்திகள் இரண்டு பேர் சண்டை போடுவதற்கென்று பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போனார்கள், போட்டு முடித்து ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள். சாவுக்கு வெடி இல்லை. கிழக்குத்தெருப் பெரியவர் ஒருவர் கோயில் திருவிழா மாதிரி போக வேண்டும் என்று ஆசைப்பட்டவர், வாய் பொத்தினாற்போல் சுடுகாடு போனார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

என் கடையில் ஸ்பீக்கர் பெட்டிகள் தூசு படிந்து கிடந்தன. எரிச்சல்தான். ஆனால் பொய் சொல்லக் கூடாது, காலையில் கண் விழித்ததும் நானும் முதலில் அந்தச் சத்தத்தைத்தான் தேடினேன். இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பல் விளக்கப் போவேன்.

ஒருத்தி மட்டும் அதைக் கேட்டு முகம் சுளித்தாள். மெல்ல நடந்து, நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கி, என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள் செவ்வந்தி. அவள் மூச்சு வாங்கியது கோபுரத்திலும் கேட்டது.

"மாமா, அந்தக் குழாயைக் கழட்டிருங்க."

"ஊரு கட்டச் சொல்லுச்சு, தாயி. ஊரு சொல்லாம கழட்ட முடியுமா? எல்லாரும் உன் மேல உள்ள பாசத்துலதானே கேக்குறாங்க?"

"குளிக்கறப்பக் கூடக் கேக்குது, மாமா" என்றாள். கலர் சோடா ஒன்று உடைத்துக் கொடுத்தேன், பாதி குடித்துவிட்டுப் போனாள்.

இதற்கிடையில் ஊர் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது. தினம் சாயங்காலம் மினி பஸ் வந்து கோயில் முன் நிற்கிற நேரத்தில் துடிப்பு எகிறுகிறது! ஒரு நாள் இல்லை, தினம். பஸ் வந்தால் படபடப்பு, போனால் அடங்குகிறது. பஸ்ஸில் யார் இருக்கிறார்? கண்டக்டர் இளவழகன். கல்யாணம் ஆகாதவன், சிரித்த முகம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தண்ணீர்க் குழாயடியில் பேச்சு, அரைவை மில்லில் பேச்சு. இளவழகனின் அம்மா முதலில் வேண்டாம் என்றாள், அப்புறம் குழாயைக் கேட்டுக் கேட்டு மனம் இளகி, "பாவம், எம்மவன் மேல அந்தப் புள்ள உசிரையே வச்சிருக்கு" என்று ஜாதகம் கேட்டு ஆள் அனுப்பினாள். இளவழகன் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு, விசிலைக் கூட மெதுவாக ஊதினான்.

டாக்டர் மெஹருன்னிசா தனபாக்கியத்துக்குப் போன் போட்டுப் பார்த்தார், அவள் எடுக்கவில்லை. மெஷினில் இன்னொரு இதயம் பிழிந்து பார்த்தார். உருவம் ஒன்றேதான், ஆனால் அது துடிக்கவில்லை. சும்மா கிடந்தது. அதை வெட்டினார், வழி நேராக, அகலமாக இருந்தது, சுலபமான வேலை என்று தெரிந்தது. ஆனாலும் அவருக்கு மனசு ஒப்பவில்லை. முதல் இதயத்தைக் கொடுத்தனுப்பும் முன் டார்ச் அடித்து ரத்தக்குழாய் வழியாகப் பார்த்தபோது, அது சுருங்குகிற நேரத்தில் உள்ளே ஏதோ ஒன்று மடிந்து வந்து மறைத்த மாதிரி இருந்ததாம். அசையாத ஒன்றை வைத்து அசைகிற ஒன்றில் கை வைக்கலாமா என்று யோசித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு நெடுங்கரைக்கே வந்துவிட்டார்.

வாசலில் செருப்பை விட்டு, வீரபத்திரனைப் பார்த்து, "கேக்கலாமா?" என்று அனுமதி வாங்கி, தலைமேல் துப்பட்டாவை இழுத்துவிட்டு, உண்டியலில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். அந்த நேரத்தில்தான் அது ஒரு துடிப்பை விட்டது.

டப், டப், அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் டப். நாங்கள் எல்லோரும் கேட்டோம். ஊர் முழுக்கக் கரண்டி பாதியில் நின்றது, முறம் பாதியில் நின்றது, சலவைக்காரர் தூக்கிய துணி தலைக்கு மேலேயே நின்றது.

"இப்படி விட்டு விட்டு அடிக்குதா?" என்றார் டாக்டர்.

"நேத்து ராத்திரி ஊர் தூங்குனப்புறம் ரெண்டு தடவை, அம்மா" என்றார் வீரபத்திரன்.

"அப்படின்னா நாள் கடத்த முடியாது. இதை எடுத்துக் குடுங்க. ஒரு மாசத்துக்குள்ள ஆப்பரேஷன் பண்ணலைன்னா நான் பொறுப்பில்ல."

கோயில் அதிகாரிக்கு ஆள் போனது. சாவி அவரிடம்தான். சட்டம் படித்த மனுஷன், கெட்டவர் இல்லை, ஆனால் சட்டத்துக்குள்ளேயே குடியிருப்பவர். "உண்டியலைத் திறக்கலாம். ஆனா உள்ள இருக்கிறது அம்மன் சொத்து. ஒரு பொருளையும் வெளியாளுக்குத் தர எனக்கு அதிகாரம் இல்ல" என்றார். தனபாக்கியம் ஓடிவந்து உண்டியலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "குடுக்காதீங்கய்யா! வெட்டறதுக்குத்தான் கேக்குறாங்க! வெட்டுனா எம்பொண்ணு போயிருவா!" டாக்டர், "போக மாட்டான்னு என்னால சொல்ல முடியாதும்மா. தெரியாது. ஆனா வெட்டிப் பாக்காம அவளைத் தொட்டா என்ன ஆகும்னு எனக்கு ஓரளவு தெரியும்" என்றார். ஊர் இரண்டாகப் பிரிந்தது. கொடு என்றது பாதி, கொடுக்காதே என்றது பாதி, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆனால் பழக்க தோஷத்தில் கிசுகிசுவென்றுதான்.

அந்தக் கிசுகிசுப்புக்கு நடுவில் கோபுரத்துக் குழாய் வேகம் எடுத்தது. திரும்பிப் பார்த்தால் செவ்வந்தி வருகிறாள். இடுப்பில் முறம், முறம் நிறையத் தவிடு. பத்தடிக்கு ஒரு தடவை நிற்கிறாள், நின்றால் குழாய் மெல்ல இறங்குகிறது, நடந்தால் ஏறுகிறது. வாங்கிக்கொள்ளப் போன இரண்டு பெண்களிடம் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். சன்னதி வரைக்கும் அவளே சுமந்து வந்து இறக்கி வைத்தாள்.

"ஏன்டி, எதுக்குடி இது?" என்றாள் தனபாக்கியம்.

"என்னையே தவிட்டுக்குக் குடுத்த ஆத்தா, இதை மட்டும் வச்சுக்கப் போறாளா?" என்றாள் செவ்வந்தி. மூச்சு நிலைக்கு வரட்டும் என்று காத்திருந்தாள், நாங்களும் காத்திருந்தோம். "அன்னிக்கு நீ வாங்கின. இன்னிக்கு நான் வாங்கிக்கறேன். என்னோடதுதானேம்மா அது?"

"வெட்டுவாங்கடி..."

"வெட்டட்டுமான்னு என்னைக் கேட்டியா? நீ ஆத்தாவைக் கேட்ட. டாக்டர் படத்தைக் கேட்டாங்க. ஊரே அந்தக் குழாயைக் கேட்டுச்சு. பக்கத்துலயே உக்காந்திருக்கேன், என்னை ஒருத்தர் கேக்கல." குரல் நடுங்கியது, குழாயும் நடுங்கியது. அப்புறம் அவள் கூட்டத்தில் இளவழகனின் அம்மாவைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். "அத்தை, கோவிச்சுக்காதீங்க. பஸ் வர்ற நேரம் நான் மாடிப்படி ஏறுவேன், காயப்போட்ட துணி எடுக்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா ஏற விட மாட்டாங்க. படி ஏறுனா எனக்கு மூச்சு வாங்கும். அவ்வளவுதான்."

கூட்டத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. இளவழகன் மட்டும் தலையில் வைத்திருந்த எண்ணெயைத் தடவிப் பார்த்துக்கொண்டான், பாவம்.

எல்லோரும் அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் தவிட்டைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காணிக்கையை வெளியாளுக்குத் தரக்கூடாதுன்னு சட்டத்துல இருக்கு. அம்மன் தவிட்டுக்கு மாத்திக்கக் கூடாதுன்னு எங்கேயும் இல்ல" என்று சொல்லிச் சாவியை எடுத்தார். வீரபத்திரன் தவிட்டை அம்மன் காலடியில் கொட்டி, குங்குமம் தூவி, உண்டியலுக்குள் கையை விட்டு, சில்லறைக்கும் தகரக் கண்களுக்கும் நடுவிலிருந்து அதை எடுத்தார். மஞ்சளும் விபூதியும் அப்பிக்கொண்டு, துடித்துக்கொண்டு வந்தது. செவ்வந்தி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் என் வண்டியில்தான் பெரிய ஊருக்குப் போனோம். ஸ்பீக்கர் ஏற்றுகிற வண்டி, பின்னால் மெத்தை போட்டுக் கொடுத்தேன். டாக்டரின் அறையில் ஸ்டீல் தட்டில் இதயம், பக்கத்தில் செவ்வந்தி. தனபாக்கியம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். எனக்கும் வெளியே போக வேண்டும் போலத்தான் இருந்தது.

"வெட்டட்டுமா?" என்று கேட்டார் டாக்டர்.

"வெட்டுங்க. நானே பிடிச்சுக்கறேன்."

"வலிச்சா சொல்லு. உடனே நிறுத்திருவேன்."

செவ்வந்தி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். அது குருவி போலப் படபடத்தது, அவள் கழுத்தில் நரம்பும் அப்படியே படபடத்தது. டாக்டர் கத்தி நுனியை அதன் மேல் வைத்துக் காத்திருந்தார், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் ஒரே இழுப்பு. தனபாக்கியம் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

"வலிக்கல" என்றாள் செவ்வந்தி. "அம்மா, வலிக்கலம்மா. திரும்பிப் பாரு."

திறந்த இதயம் திறந்தபடியே துடித்தது. செவ்வந்தி குனிந்து உள்ளே பார்த்தாள். பத்தொன்பது வருஷமாகத் தன்னைப் படி ஏற விடாத ஒன்றைப் பார்க்கிறோம் என்ற பயமெல்லாம் அவளிடம் இல்லை, வாடகைக்கு வீடு பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள். "இவ்வளவு சின்ன வாசலா?" என்றாள்.

டாக்டர் ஒரு கம்பியால் ஓட்டையைக் காட்டினார், ரத்தக்குழாயைக் காட்டினார், நடுவே தான் போட நினைத்த வழியைக் காட்டினார். நேராக, அகலமாகத்தான் இருந்தது. அப்போது இதயம் சுருங்கியது. பக்கவாட்டிலிருந்து தடித்த சதை மடிப்பு ஒன்று எழுந்து வந்து அந்த வழியைக் கதவு சாத்துகிற மாதிரி சாத்தியது. விரிந்ததும் விலகியது. மறுபடி சுருங்கியது, மறுபடி சாத்தியது. டாக்டர் முகத்தில் வியர்வை அரும்பியதைப் பார்த்தேன்.

"இந்த வழியா தைச்சிருந்தா, தைச்சு முடிச்சு நெஞ்சை மூடுறதுக்குள்ள அடைச்சிருக்கும்" என்றார். யாரிடமும் எதையும் மறைக்காமல் சத்தமாகவே சொன்னார். பிறகு வெள்ளைத் துணியைச் சின்னதாக வெட்டி உள்ளே வைத்து வைத்துப் பார்த்தார், மேல் பக்கமாக, கீழ்ப் பக்கமாக, சதையைக் கொஞ்சம் சீவி, துணியைக் கொஞ்சம் வளைத்து. மத்தியானம் தாண்டிவிட்டது. கடைசியில் நிமிர்ந்து செவ்வந்தியிடம் சொன்னார், "மேல் பக்கமா வந்தா வழி அடைக்காது. ஆனா நேரம் கூடும், ஆபத்தும் கொஞ்சம் கூடும். பழைய வழி சுலபம், ஆனா அடைக்கும். சதையை மட்டும் சீவிட்டு, வழி போடறதை இன்னொரு தடவைக்கு வச்சுக்கலாம்னாலும் சரிதான். என்ன சொல்றே?"

அவள் கையில் இருந்ததைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "அடைக்காத வழி" என்றாள்.

ஆவணி முதல் வாரத்தில் ஆப்பரேஷன். உள்ளே அழைத்துப் போகும் முன் டாக்டர் தனபாக்கியத்திடம் வந்து, "அவ இதயத்தை நாங்களே கொஞ்ச நேரம் நிறுத்துவோம், மெஷின் ரத்தத்தை ஓட்டும். உங்க மடியில இருக்கிறதும் நிக்கும். பயப்படக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம், தனபாக்கியம் மடியில் தூக்குவாளி, வாளிக்குள் பிளந்த இதயம். ஊரிலிருந்து போன் மேல் போன், "அண்ணே துடிக்குதா?" நான் போனை வாளிக்குள் நீட்டிக் காட்டுவேன், ஸ்பீக்கரில் போட்டு ஊர் கேட்கும். அப்புறம் அது மெதுவாகியது. அப்புறம் நின்றது. மறுபடி போன் அடித்தது. எடுக்கவில்லை, அணைத்துப் பையில் போட்டேன்.

நேரம் போனது. டாக்டர் சொன்ன கொஞ்ச நேரம் போனது, அதற்கு மேலும் போனது. வாளிக்குள் அசைவே இல்லை. தனபாக்கியம் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தாள், மாராப்புக்குள் வைத்துச் சூடு காட்டினாள், மெல்ல அமுக்கிக்கூடப் பார்த்தாள். அது ரப்பராக இருந்தது, அவ்வளவுதான். "அண்ணே, போயிட்டாளா? சொல்லுங்கண்ணே, போயிட்டாளா?" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுத அழுகையை நான் எந்த மைக்கிலும் கேட்டதில்லை. நானும் அழுதேன். சொன்னால் என்ன?

கதவைத் திறந்துகொண்டு வந்த டாக்டர், "இங்க என்ன அழுகை?" என்றார். முகக்கவசத்தை இறக்கினார், களைத்துப் போயிருந்தார். "நல்லா இருக்கா. தானா அடிக்குது. உதடு சிவந்திருச்சு, கொஞ்ச நேரத்துல வந்து பாருங்க."

"இது நின்னு போச்சே, டாக்டரம்மா..."

டாக்டர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது பழசோட உரு, அம்மா. அந்தப் பழசு இப்ப அவகிட்ட இல்ல."

ஆவணி கடைசியில் செவ்வந்தி ஊர் திரும்பினாள். வண்டி வேண்டாம், மினி பஸ்ஸிலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஊரே கோயில் முன்னால் நின்றது. பஸ் வந்து நின்றதும், பழக்கம் விடுமா, அத்தனை பேரும் கோபுரத்துக் குழாயைத்தான் அண்ணாந்து பார்த்தார்கள். குழாய் ஊமையாக இருந்தது. இளவழகன் ஒதுங்கி நின்று வழிவிட, அவள் படியிறங்கி வந்தாள், உதடு வெற்றிலை போட்டவள் மாதிரி சிவந்து. அவள் சந்தோஷமாக இருக்கிறாளா, களைத்திருக்கிறாளா, எங்கள் மேல் கோபம் மிச்சம் இருக்கிறதா, ஒரு எழவும் எங்களுக்குத் தெரியவில்லை. நேரே கோயிலுக்குள் போனாள். பிளந்த, துடிக்காத இதயத்தை மடித்து உண்டியலில் போட்டாள். இப்போது அவளே போட்டாள். பொத்தென்று விழுந்தது.

வெளியே வந்தாள். நான்தான் முதலில் கேட்டேன். "தாயி, அந்தக் குழாயை இறக்கிரட்டுமா?"

"இறக்கிருங்க, மாமா."

ஏணியை எடுக்கப் போனேன். அதற்குள் தனபாக்கியம் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், குழாயைப் பார்க்காமல், அம்மனைப் பார்க்காமல், பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக வாய் திறந்து கேட்டாள்.

"என்னடி பண்ணுது உனக்கு?"

செவ்வந்தி கொஞ்சம் யோசித்தாள்.

"ஒண்ணும் பண்ணலம்மா. பசிக்குது."

நெடுங்கரை கேட்டது. கிசுகிசுப்பை மறந்து, ஆடி மாதத்திலிருந்து அடக்கி வைத்த சத்தமெல்லாம் ஒன்றாகக் கிளம்பி, "அடுப்பைப் பத்த வைடி", "கோழியப் பிடிடா", "உப்பைக் குறைச்சுப் போடு, டாக்டரம்மா சொல்லியிருக்காங்க" என்று தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு ஓடியது. நான் ஏணியிலிருந்து குழாயை இறக்கி முடிப்பதற்குள் தனபாக்கியத்தின் வாசலில் சோற்றுத் தூக்குவாளிகள் வந்து வரிசை கட்டிவிட்டன. எதையும் நாங்களாகத் திறக்கவில்லை. எது வேண்டும் என்று அவளைக் கேட்டுத்தான் திறந்தோம்.